புதுப்பிப்பு: 4கே திரை வந்துவிட்டது

கல்யாணப் படங்களைத் திருத்த என் முழு எச்டி திரையை மாற்றலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். 27 அங்குல 4கே திரை (முழு எச்டியைவிட நான்கு மடங்கு புள்ளிகள் கொண்டது) வாங்கிவிட்டேன்.

முதல் நாள் மவுஸ் அம்பு திக்கித் திக்கி நகர்ந்தது. திரையைத் திட்டினேன், பாவம். குற்றவாளி என் பழைய கணினியின் எச்டிஎம்ஐ 1.4 இணைப்பு, 3840 × 2160 புள்ளிகள் கொண்ட 4கே படத்தை நொடிக்கு 30 முறைதான் அது அனுப்பும். டிஸ்ப்ளேபோர்ட் கேபிளுக்கு மாறியதும் 60 ஆனது. எறும்பு போலத் தெரிந்த எழுத்துகளை விண்டோஸில் 150 சதவீதமாக்கினேன்.

இப்போது பட்டுச்சேலையின் சரிகை இழை இழையாகத் தெரிகிறது. கூடவே, மணப்பெண்ணின் கண்ணை விட்டுவிட்டு ஜிமிக்கியில் நான் ஃபோகஸ் வைத்த லட்சணமும்.

அச்சுப் படங்கள் இருட்டாக வந்ததற்குத் திரையின் அதிக வெளிச்சமே காரணம், அதை நம்பிப் படங்களை இருட்டாகத் திருத்திவிடுகிறேன் என்றவருக்கு நன்றி. குறைத்துவிட்டேன், சரியாகிவிட்டது.