மக்னீசியா கொடுத்தவர்கள் அமிலத்தை அறியாதவர்களா? 18-ஆம் நூற்றாண்டு அசீரண வைத்தியம்

பழஞ்சுவடி:
"18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மருத்துவர்கள் அசீரணத்தை நரம்புத் தளர்ச்சி என்று சொல்லியே காலம் கடத்தினார்கள், வயிற்றில் அமிலம் உண்டு என்பது 1823-இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் பிரவுட் சொன்ன பிறகுதான் தெரிந்தது" என்று நண்பர் வடகரை வேறோர் இழையில் எழுதியிருக்கிறார். இதைப் படித்துவிட்டு வாளாவிருக்க என்னால் இயலவில்லை. வேதியியல் அறிஞர் ஜோசப் பிளாக் 1754-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் அளித்த மருத்துவப் பட்ட ஆய்வேடே உணவால் உண்டாகும் அமிலத்தையும் அதை முறிக்கும் பொடியான வெள்ளை மக்னீசியாவையும் பற்றியதுதான். நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் உள்ளவர்களுக்கு மக்னீசியாவையும் சீமைச்சுண்ணாம்பையும் கொடுத்தவர்கள், எதை முறிக்கிறோம் என்று அறியாமலா கொடுத்தார்கள்?

வடகரை:
"உணவால் உண்டாகும்" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள் ஐயா, அதற்கு நன்றி. நான் சொன்னதும் அதுவேதான். வலுவிழந்த இரைப்பையில் உணவு தங்கிப் புளித்துப் போவதாகவே அவர்கள் கருதினார்கள். இரைப்பை தானாகவே அமிலத்தைச் சுரக்கிறது என்று கருதவில்லை. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று காட்டியவர் பிரவுட். எடின்பரோ மருத்துவப் பேராசிரியர் வில்லியம் கல்லனோ 1769-இல் வெளியிட்ட நோய்ப் பகுப்பில் அசீரணத்தை நரம்பு நோய்களின் வகுப்பில்தான் வைத்தார். இதில் நான் சொன்ன எது பிழை?

பழஞ்சுவடி:
நோயை எந்த வகுப்பில் வைத்தார் என்பதை மட்டும் பார்க்கிறீர்கள். நோயாளிக்கு என்ன கொடுத்தார் என்பதைப் பார்க்க மறுக்கிறீர்கள். பசியின்மை, குமட்டல், வாந்தி, வயிற்று உப்புசம், ஏப்பம், நெஞ்செரிச்சல், இவற்றோடு பெரும்பாலும் மலச்சிக்கல் என்று கல்லன் அடையாளங்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறார். முதலில் வாந்தி மருந்தாலும் பேதி மருந்தாலும் வயிற்றைச் சுத்தம் செய்து, புளிப்பை முறித்து, அதன் பிறகே கசப்பு மருந்து, இரும்புச் சத்து, குதிரைச் சவாரி என்று இரைப்பைக்கு வலுவூட்டப் போகிறார். தேநீரையும் புகையிலையையும் சாராயத்தையும் காரணங்களாகச் சுட்டுகிறார். இந்த முறையான வைத்தியம் உங்கள் கண்ணுக்குக் காலம் கடத்துவதாகத் தெரிகிறதா?

சுரப்பிலேயே அமிலம் இருந்ததற்கும் சான்று உண்டு. பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் ரெயோமூர் 1752-இல், தாம் வளர்த்த இரைகொல்லிப் பறவைக்கு, இருமுனையும் திறந்த உலோகக் குழாய்க்குள் இறைச்சியை வைத்து விழுங்கக் கொடுத்தார். பறவை கக்கிய குழாயில் இறைச்சி கரைந்திருந்தது. பிறகு அதே குழாயில் பஞ்சுக் கடற்பாசியை வைத்து, அது உறிஞ்சி வந்த நீரைப் பிழிந்து சோதித்தபோது, அமிலத்தின் அடையாளமாக நீலத் தாள் சிவந்தது. பிரவுட்டுக்கு 71 ஆண்டுகள் முன்பே நடந்த இதை எங்கே கொண்டுபோய் மறைப்பீர்கள்?

வடகரை:
பறவை, ஐயா, பறவை! நாம் பேசிக்கொண்டிருப்பது மனிதரின் அசீரணத்தைப் பற்றி. இத்தாலிய இயற்கை ஆய்வாளர் ஸ்பல்லன்சானி ரொட்டியை மென்று துணிப்பையில் கட்டித் தாமே விழுங்கினார். பை கிழியாமல் வெளியே வந்தது, உள்ளே ரொட்டி இல்லை. அத்தனை சோதனைகளையும் செய்துவிட்டு, 1780-இல் வெளியிட்ட நூலில், இரைப்பை நீர் அமிலமும் அன்று, காரமும் அன்று என்றே அவர் முடிவு கூறினார். அந்த நூற்றாண்டின் மிகச் சிறந்த சோதனையாளரே மறுத்த ஒன்றை, ஊர் மருத்துவர் அறிந்திருந்தார் என்று நான் நம்ப வேண்டுமா? அம்மைக் குத்துதல் பற்றிய இழையிலும் நீங்கள் இப்படித்தான் கேட்ட கேள்வியை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் பதில் எழுதினீர்கள். நான் அதை மறக்கவில்லை.

மருதநிழல்:
நீங்கள் இருவரும் அமிலத்தைப் பிடித்துக்கொண்டு நோயறிதலைக் கைவிட்டுவிட்டீர்கள். கல்லன் தம் நோயாளிகளில் பலரை நேரில் பார்த்ததே இல்லை. அவர்கள் கடிதம் எழுதினார்கள், அவர் கடிதத்திலேயே மருந்து சொன்னார். 1781 முதல் ஜேம்ஸ் வாட்டின் படியெடுக்கும் பொறியால் அப்பதில்களுக்குப் படியும் எடுத்து வைத்தார். வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்காதவரை மருத்துவர் என்று போற்றுவது எனக்கு உடன்பாடில்லை.

பழஞ்சுவடி:
அம்மா, அக்கடிதங்கள் எடின்பரோவின் அரச மருத்துவர் கல்லூரியில் இன்றும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எதை உண்டார், எப்போது புளித்த ஏப்பம் வந்தது, மலம் எப்படிக் கழிந்தது, உறக்கம் எப்படி என்று விரித்துரைக்கும் மடல்களுக்கு அவர் தந்த பதில்கள் அவை. நோயாளியின் சொல்லை இவ்வளவு கவனமாகக் கேட்டவரை எள்ளுவதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. பாத் நகரின் மருத்துவர் ஜார்ஜ் செய்னே இன்னும் ஒரு படி மேலே போய்த் தம் உடலையே சான்றாக வைத்தார். ஏறத்தாழ 200 கிலோ வரை பருத்து அவதிப்பட்டவர், பாலும் காய்கறியுமாக உணவை மாற்றித் தேறினார், அதையே பிறருக்கும் வலியுறுத்தினார்.

மருதநிழல்:
செய்னே பட்டினி கிடந்தது கல்லன் தொடாமல் மருந்து கொடுத்ததற்குச் சமாதானமாகாது.

பழஞ்சுவடி:
பட்டினி என்று நான் எங்கே எழுதினேன்? பாலும் காய்கறியும் என்றேன். தயவுசெய்து எழுதியதைப் படித்துவிட்டு மறுத்துரையுங்கள். வடகரை அவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். 1770-களில் மான்செஸ்டர் மருந்தாளர் தாமஸ் ஹென்றி மக்னீசியாவைச் சுட்டெடுத்து விற்றார். சுடாத மக்னீசியா அமிலத்தோடு சேர்ந்தால் நுரைத்துக் காற்றை வெளியிடும், ஏற்கெனவே உப்பியிருக்கும் வயிற்றுக்கு அது மேலும் துன்பம் தரும், சுட்டது நுரைக்காது. அமிலம் தெரியாமலா இந்த வேறுபாட்டைக் கண்டு பக்குவம் மாற்றினார்கள்?

வடகரை:
உணவு புளித்து உண்டான அமிலத்துக்காக மாற்றினார்கள். இரைப்பை சுரக்கும் அமிலத்தை ஒரு மனித வயிற்றில் 1800-க்கு முன் கண்டறிந்தவர் யார் என்பதே என் கேள்வி. பறவை வந்தது, கடிதங்கள் வந்தன, பாலும் வந்தது, பெயர் இன்னும் வரவில்லை.

பழஞ்சுவடி:
நெஞ்செரிச்சலோடு வந்தவருக்கு அமிலம் எங்கிருந்து வந்தது என்பதா முக்கியம்? முறிக்க வேண்டியது அமிலம் என்று அறிந்து முறித்தார்கள். ரெயோமூரின் தாள் சிவந்ததற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

வடகரை:
சொல்லிவிட்டேன். பறவை.