கிரியாட்டினின் நார்மல்தானே?

குமார் சித்தப்பா: ரிப்போர்ட் வந்துவிட்டது. கிரியாட்டினின் (கிட்னி வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு, ரத்தத்தில் பார்ப்பது) 0.9. கிட்னி பத்திரமாக இருக்கிறது, இனி யாரும் என்னைப் பயமுறுத்த வேண்டாம் 😄

ராஜி அத்தை: அப்பாடா 🙏

தீபா: அடுத்த பக்கத்தையும் போடுங்கள் சித்தப்பா.

குமார் சித்தப்பா: அதில் எல்லாமே கொஞ்சம்தான் கூட. வெறும் வயிற்றுச் சர்க்கரை 112, டிரைகிளிசரைடு (ரத்தக் கொழுப்பு) 210, பிரஷர் 138/88.

தீபா: இடுப்பு?

குமார் சித்தப்பா: 98 செ.மீ. தொப்பை நம் குடும்பச் சொத்தம்மா.

தீபா: இடுப்பு, பிரஷர், சர்க்கரை, டிரைகிளிசரைடு, நல்ல கொழுப்பு. இந்த ஐந்தில் மூன்று தப்பினாலே மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்பார்கள். உங்களுக்கு நான்கு. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் "கொஞ்சம்"தான், ஆனால் நான்கும் சேர்ந்து கிட்னியிலும் போய் இடிக்கும்.

ராஜி அத்தை: அதற்கும் கிட்னிக்கும் என்னடி சம்பந்தம்?

தீபா: இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது உடம்பு அதை இன்னும் அதிகமாகச் சுரக்கும் அத்தை, அது கிட்னியை உப்பை வெளியே விடாமல் பிடித்து வைக்கச் சொல்லும், பிரஷர் ஏறும், வடிகட்டும் நுண்குழாய்களுக்குள்ளும் அழுத்தம் கூடும். வேடிக்கை என்னவென்றால், ஆரம்பத்தில் கிட்னி வழக்கத்தைவிட அதிகமாகவே வடிகட்டும், அதனால் கிரியாட்டினின் அழகாகத் தெரியும். ஒரு கிட்னியைத் தானம் கொடுத்தவர்களுக்கே அது ஏறக்குறைய நார்மலாகத்தான் இருக்கும், அப்புறம் அதை மட்டும் எப்படி நம்புவது?

ரவி மாமா: ↪️ பலமுறை பகிரப்பட்டது: 7 நாளில் கிட்னியைக் கழுவிச் சுத்தமாக்கும் அற்புத பானம்!!

தீபா: மாமா, அது கழுவி வைக்கிற பாத்திரம் இல்லை 🙄

குமார் சித்தப்பா: சரி, நான் என்ன செய்ய வேண்டும்?

தீபா: சிறுநீரில் அல்புமின்-கிரியாட்டினின் விகிதம் என்று ஒரு டெஸ்ட் இருக்கிறது, அல்புமின் என்ற புரதம் கிட்னி வழியே கசிகிறதா என்று காட்டும். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு அல்புமின் 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நிம்மதி. கூட வந்தாலும் உடனே பதற வேண்டாம், காய்ச்சலில்கூட ஏறும், அதனால் 3 மாதத்துக்குள் மறுபடி பார்ப்பார்கள்.

ராஜி அத்தை: நுரை வந்தால்தானே கிட்னிப் பிரச்சினை?

தீபா: ஆரம்பக் கசிவில் நுரையே தெரியாது அத்தை. அந்தக் கட்டத்தில் பிடித்தால் எடை, உப்பு, பிரஷர் மூன்றையும் இறக்கிப் பல பேருக்குக் கசிவையும் குறைக்க முடிகிறது. சித்தப்பா, முட்டி வலிக்கு நீங்களாகவே போடுகிறீர்களே அந்த டைக்ளோஃபெனாக் மாத்திரை, அது கிட்னியைப் பாதிக்கலாம், அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

குமார் சித்தப்பா: அது உனக்கு எப்படித் தெரியும்?? 😳

ராஜி அத்தை: நான்தான் சொன்னேன். எனக்கே பத்து வருஷமாக பிரஷர், இந்த டெஸ்ட்டை யாருமே எழுதித் தரவில்லை. டேய் குமார், நானும் வருகிறேன். வெறும் வயிறா தீபா?

தீபா: தேவையில்லை. காலை முதல் சிறுநீர் நல்லது. முந்தின நாள் ஓடி ஆடிக் களைத்துவிட்டு மட்டும் போகாதீர்கள், அல்புமின் ஏற்றிக் காட்டும்.

ராஜி அத்தை: இவனா ஓடப் போகிறான் 😂