வயதான மட்டக்குதிரைகளுக்கு என்ன தீவனம் கொடுப்பது?

கேள்வி – பிலியந்தலையிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக் காணியில் இரண்டு வயதான மட்டக்குதிரைகளைப் பராமரித்து வருகிறோம். இரண்டும் முன்பு நுவரெலியாவில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்றவை. இருபது வயதைத் தாண்டியிருக்கும் என்று பல்லைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். ஆண் குதிரை நன்றாகக் கொழுத்துவிட்டது. பிடரிமயிருக்குக் கீழே கழுத்து தடித்துத் திரண்டிருக்கிறது. பெண் குதிரைக்கோ முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்திக்கொண்டு நிற்கின்றன. அது புல்லை வெகுநேரம் மென்றுவிட்டு, ஈரமான உருண்டைகளாகக் கீழே துப்பிவிடுகிறது.

இரண்டுக்கும் ஒரே தீவனந்தான். காலையும் மாலையும் அவித்த கொள்ளு, அரிசித் தவிடு, கடையில் வாங்கும் மாட்டுத் தீவனம். பகலில் வெட்டிப் போடும் கினிப்புல். மாலை ஆறு மணிக்குப் பிறகு எதுவும் கொடுப்பதில்லை. வாளியைக் கண்டவுடன் ஆண் குதிரை காதை மடக்கிக்கொண்டு கடிக்க வருகிறது. சேண வாரை இறுக்கினால் உதைக்கப் பார்க்கிறது. பிள்ளைகள் கிட்டப் போகவே அஞ்சுகிறார்கள். கொள்ளைக் கூட்டினால் மெலிந்தது தேறும் என்று லாயத்தில் வேலை செய்யும் ஐயா சொல்கிறார். கொழுத்ததை இரண்டு நாள் பட்டினி போட்டால் உடம்பும் குறையும், குணமும் அடங்கும் என்று அயலவர் ஒருவர் சொல்கிறார். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் பேருதவியாக இருக்கும்.

பதில் – தெஹிவளையிலிருந்து

வணக்கம். கொள்ளைக் கூட்டவும் வேண்டாம், பட்டினி போடவும் வேண்டாம். நீங்கள் எழுதியதைப் படிக்கும்போது, ஒன்றின் மெலிவும் மற்றதன் சினமும் புல் போன்ற நார்த்தீவனம் போதாத குறையோடு தொடர்புடையவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

முதலில் எடையைக் கணியுங்கள். தராசு தேவையில்லை, தையற்கடை நாடா போதும். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பின்புட்டத்தின் முனைவரை உடல் நீளத்தையும் சென்டிமீட்டரில் அளந்து, சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, வரும் தொகையை 11,880 ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 140, நீளம் 130 என்றால் எடை சுமார் 215 கிலோ. கண்மதிப்பை நம்பாதீர்கள், உங்கள் பெண் குதிரையைப் போல நார் சரியாகச் செரிக்காத கிழக் குதிரைகளுக்கு வயிறு பெருத்துக் காணப்படுவதும் உண்டு, அதைக் கொழுப்பென்று பலர் எண்ணிவிடுகிறார்கள். விலாவின்மீது கையை வைத்துத் தடவும்போது எலும்புகள் எளிதில் தட்டுப்பட வேண்டும், ஆனால் கண்ணுக்குத் தெரியக் கூடாது. அதுவே நல்ல நிலை.

சாதாரணமாக ஒரு மட்டக்குதிரைக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் 1.5 முதல் 2 வீதம் வரை நார்த்தீவனம் வேண்டும். இது ஈரம் நீங்கிய எடைக் கணக்கு. 215 கிலோ குதிரைக்கு 2 வீதம் என்றால் 4.3 கிலோ. பச்சைக் கினிப்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு போல நீரே இருப்பதால், அது சுமார் 20 கிலோ பச்சைப் புல்லாகும். நீங்கள் பகலில் வெட்டிப் போடும் புல்லை ஒரு நாள் நிறுத்துப் பாருங்கள். பெரும்பாலும் பாதிகூட வராது.

இனிக் குணத்தைப் பற்றி. மனிதருக்கு உணவு கண்ட வேளையில் இரைப்பை அமிலம் கூடும். குதிரைக்கோ அது இரவும் பகலும் ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கும். அதைத் தணிப்பது உமிழ்நீர், உமிழ்நீர் வருவதோ மெல்லும்போது மட்டும். மாலை ஆறிலிருந்து விடியும்வரை வாயில் ஒன்றும் இல்லையென்றால் வெறும் இரைப்பையில் அமிலம் தேங்கி நிற்கும், புண்ணும் வரலாம். சேண வாரை இறுக்கும்போது உதைக்கப் பார்ப்பதும், வாளியைக் கண்டதும் ஆவேசப்படுவதும் அத்தகைய வலியின் அறிகுறிகளாக இருக்கக்கூடும். ஆகவே அதைக் கெட்ட குதிரை என்று அடித்துவிடாதீர்கள். சிறுகண் வலையில் புல்லை அடைத்து இரவில் தொங்கவிடுங்கள். கொழுத்த குதிரைக்குச் சற்று முற்றிய, தண்டு கூடிய புல்லாகக் கொடுத்தால், நெடுநேரம் மெல்லும், கொழுப்பும் ஏறாது. கொள்ளை அதற்கு அடியோடு நிறுத்திவிடலாம். நாள் முழுதும் வண்டி இழுத்த குதிரைக்கு ஏற்பட்ட தீவனம் அது. நிழலில் நிற்கும் முதிய குதிரையிடம் அந்தச் சக்தி கொழுப்பாகவும் துள்ளலாகவுந்தான் முடியும்.

எந்த மாற்றத்தையும் பத்து, பதினான்கு நாட்களில் படிப்படியாகச் செய்யுங்கள்.

பதில் – மஹரகமையிலிருந்து, கால்நடை வைத்தியர்

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் இன்றைக்கே நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: மாட்டுத் தீவனத்தை நிறுத்துங்கள். மாடுகளுக்கும் கோழிகளுக்கும் தயாரிக்கப்படும் சில தீவனங்களில் மொனென்சின் போன்ற மருந்துகள் சேர்க்கப்படுகின்றன. மாட்டுக்கு ஒன்றும் செய்யாத அளவு குதிரையின் இதயத் தசையைச் சிதைத்துக் கொன்றுவிடும். மூட்டையின் மேலுள்ள விபரத்தில் அப்பெயர் இல்லையென்று துணிந்துவிடவும் முடியாது. ஒரே ஆலையில் அரைக்கப்படும்போது கலந்துவிட வாய்ப்புண்டு.

பட்டினி போடும் யோசனையை அறவே கைவிடுங்கள். கொழுத்த மட்டக்குதிரை திடீரென்று உணவின்றி விடப்பட்டால், உடம்பிலுள்ள கொழுப்பு அளவு மீறி இரத்தத்தில் இறங்கி ஈரலைப் பாதிக்கும். உயிருக்கே ஆபத்தான நிலை அது.

பெண் குதிரை புல்லை உருண்டையாகத் துப்புவது கடைவாய்ப் பற்களின் கோளாறு. தேய்ந்த, உடைந்த, ஆடும் பற்களோடு எவ்வளவு கொடுத்தாலும் பயன் இல்லை. குதிரைப் பல்லை அராவத் தெரிந்த வைத்தியரிடம் வாயைத் திறந்து காட்டுங்கள். இந்த வயதில் ஆறு மாதத்திற்கொரு முறை காட்டுவது நல்லது. சாணத்தையும் புழு முட்டைகளுக்காகப் பரிசோதியுங்கள். அருகில் யாரும் கிடைக்காவிட்டால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ பீடத்தில் விசாரிக்கலாம்.

ஆண் குதிரையின் தடித்த கழுத்து எனக்குக் கவலை தருகிறது. இன்சுலின் ஒழுங்காகச் செயற்படாத குதிரைகளில் இது காணப்படும். அத்தகைய குதிரைகளுக்குக் குளம்பு அழற்சி எளிதில் வரும். குளம்பு சூடாக இருக்கிறதா, முன்னங்கால்களை முன்னே நீட்டிப் பின்னே சாய்ந்து நிற்கிறதா, கல் நிலத்தில் திரும்பும்போது தயங்குகிறதா என்று நாள்தோறும் பாருங்கள். இரண்டில் எதற்காவது மயிர் நீண்டு, சுருண்டு, உதிராமல் இருந்தால் பிட்யூட்டரிச் சுரப்பியின் கோளாறாக இருக்கலாம். பதினைந்து வயதுக்கு மேல் அது சாதாரணம். இரத்தப் பரிசோதனையில் தெரியவரும், மருந்தும் உண்டு.

பதில் – அவிசாவளையிலிருந்து

புல்லைப் பற்றி ஒரு விடயம். கினிப்புல்லிலும், சீ.ஓ. 3 போன்ற நேப்பியர் இனப் புற்களிலும் ஒக்சலேற்று இருக்கிறது. அது கல்சியத்தைப் பிணைத்துக்கொள்வதால், மாடுகளைப்போல் அதை இரைப்பையிலேயே சிதைக்க இயலாத குதிரைக்குக் கல்சியம் கிடைக்காமற் போகும். அதன்மேல் நீங்கள் தவிடும் கொடுக்கிறீர்கள். தவிட்டில் கல்சியத்தைவிடப் பொசுபரசு பல மடங்கு கூடுதல். இரண்டும் சேரும்போது எலும்பிலுள்ள கல்சியம் கரைந்து, தாடையும் முகமும் வீங்கி, பற்கள் ஆடி, கால் மாறி மாறி நொண்டும். வயதாகிவிட்டது, அதனால்தான் என்று நாம் ஆறுதல் சொல்லிக்கொள்ளும் பல தளர்ச்சிகளுக்கு இதுவும் காரணமாகலாம். தவிட்டை நிறுத்துங்கள், வரப்போரப் புல்லும் அறுகம்புல்லும் கலந்து போடுங்கள், கல்சியம் எவ்வளவு சேர்ப்பதென்று வைத்தியரிடம் கேளுங்கள்.

வேலியோரத்து இபில் இபில் தழையை ஆட்டுக்குப் போடுவதுபோல் குதிரைக்குப் போடக் கூடாது; பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டிவிடும். புல்வெளி வெட்டும் இயந்திரத்திலிருந்து வரும் துகளும் வேண்டாம், குவித்த சிறிது நேரத்தில் புளித்து வயிற்றுவலியைக் கொண்டுவரும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மிக்க நன்றி. மாட்டுத் தீவன மூட்டையை இன்று காலையே அப்புறப்படுத்திவிட்டோம். பெண் குதிரைக்குப் புல் மெல்ல முடியாதென்றால், அதற்குப் பதிலாக எதைக் கொடுப்பது? தேங்காய்ப் புண்ணாக்கு இங்கு தாராளமாகக் கிடைக்கிறது, கொடுக்கலாமா?

பதில் – தெஹிவளையிலிருந்து

கொடுக்கலாம். தேங்காய்ப் புண்ணாக்கில் மாச்சத்து மிகக் குறைவு. எண்ணெயும் புரதமும் ஓரளவு உண்டு. ஆதலால் துள்ளலை உண்டாக்காமல் உடம்பைத் தேற்றும். ஆனால் அதில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவென்பதால் கொஞ்சம் சோயாப் புண்ணாக்கும் சேர்ப்பது நல்லது. ஒரு பிடியில் தொடங்கி, இரு வாரத்தில் நாளொன்றுக்கு உலர்ந்த நிலையில் அரைக் கிலோவரை, இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள்.

மூட்டையைத் திறந்தவுடன் முகர்ந்து பாருங்கள். பூஞ்சணம் பிடித்த வாடையோ காறல் வாடையோ இருந்தால் விலை போனாலும் பரவாயில்லை, எறிந்துவிடுங்கள். கொழும்பின் ஈரக் காற்றில் புண்ணாக்கில் பூஞ்சணம் விரைவில் பிடிக்கும், அதன் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். ஒரு பங்கு புண்ணாக்குக்கு மூன்று, நான்கு பங்கு தண்ணீர் ஊற்றி, நன்றாக ஊறி உப்பிய பிறகே வையுங்கள். உலர்ந்தபடி விழுங்கினால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஊறியதை அடுத்த வேளைக்கு எடுத்து வைக்காதீர்கள், புளித்துவிடும்.

புண்ணாக்கு மட்டும் புல்லின் இடத்தை நிரப்பாது. இளம் புல்லை விரற்கணு அளவுக்குப் பொடியாக நறுக்கி அதோடு பிசைந்து கொடுங்கள். இறக்குமதியாகும் லூசேர்ன் என்னும் தீவனப் பயிரின் உருண்டைகள் கிடைத்தால் அவற்றையும் கூழாக ஊறவைக்கலாம்; கல்சியமும் சேர்ந்து கிடைக்கும். வைக்கோல் மட்டும் வேண்டாம், மெல்ல முடியாத குதிரைக்கு அது குடலில் அடைத்துவிடும். உப்பு, 100 கிலோ உடல் எடைக்கு 10 கிராம் வீதம் இரண்டுக்கும் கொடுங்கள். இந்த வெயிலில் வியர்வையோடு உப்பு போய்விடுகிறது.

தீவன நேரத்தில் இரண்டையும் ஒன்றையொன்று எட்டாதபடி கட்டுங்கள், பெண் குதிரை மெதுவாகத்தான் தின்னும், அதன் பங்கை மற்றது பறித்துவிடும். ஆனால் பார்வைக்கு எட்டாமல் பிரித்துவிடாதீர்கள். இவ்வளவு காலம் கூடவே இருந்த துணை கண்ணுக்குத் தெரியாவிட்டால் இரண்டுமே தின்னாமல் கனைத்துக்கொண்டு நிற்கும். பல் வைத்தியர் வந்து பார்த்த பிறகு, அவர் சொன்னதையும் இரண்டின் நாடா அளவுகளையும் இங்கே எழுதுங்கள். புல்லின் அளவை அதற்கேற்பச் சேர்ந்து கணக்கிடுவோம்.