கடைசி இலக்கம் மாறினால் அது 1.5 ஆ, 2.0 ஆ?

உவர்மலை:
எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலையில் நாங்கள் சேர்ந்து எழுதிய சிக்னல் லைப்ரரியின் அடுத்த வெளியீட்டுக்கு எண் வைக்க வேண்டும். இப்போது இருப்பது 1.4.2. ஃபில்டரின் உள் லூப்பை நியான் கட்டளைகளுக்கு (பல எண்களை ஒன்றாகக் கணக்கிடும் சிப் கட்டளைகள்) மாற்றி எழுதியிருக்கிறேன். ஒரே தடவையில் நான்கு எண்களைப் பெருக்கிக் கூட்டுவதால் என் ராஸ்பெரி பை 4 சிறு கணினியில் முன்பைவிட நல்ல கெதியாக ஓடுகிறது. ஃபங்ஷன் பெயர்களோ அவற்றுக்குக் கொடுக்கும் உள்ளீடுகளோ மாறவில்லை. பழைய புரோகிராம்களை உடைக்கிற மாற்றத்துக்குத்தான் முதல் எண்ணை உயர்த்த வேண்டும், ஆனபடியால் 1.5.0 என்று வெளியிட நினைக்கிறேன். ஆட்சேபணை இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் சொல்லுங்கள்.

நிலாவெளி_அலை:
எனக்கு இருக்கிறது அண்ணா. இது 2.0 ஆகத்தான் வர வேண்டும்.

நிலாவெளிக்கு அப்பால் படகிலிருந்து ஹைட்ரோபோன் (நீருக்கடி மைக்) இறக்கிப் பதிந்த ஸ்பேர்ம் திமிங்கில ஒலியை உங்கள் புதிய கோடில் ஓட்டிப் பார்த்தேன். அதே கோப்பு, திமிங்கிலத்தின் கிளிக் ஒலி என்று எண்ணுவதற்கு அதே வரம்பு. மூன்று கிளிக் குறைவாக எண்ணியது. தேடிப் பார்த்தால் அந்த மூன்றும் வரம்பை உரசிக்கொண்டு நின்றவை. ஏழாவது இலக்கத்தில் வந்த வித்தியாசம் அவற்றைக் கீழே தள்ளிவிட்டது. போன பருவத்தையும் இந்தப் பருவத்தையும் ஒப்பிடுகிறவளுக்கு, எண்ணிக்கை குறைந்தது கடலிலா லைப்ரரியிலா என்று தெரிய வேண்டாமா?

சல்லி_ரேடியோ:
தங்கச்சி, நீங்கள் சொன்னது நடந்திருக்கும். ஆனால் அது ஃப்ளோட் (எண்களைக் குறிப்பிட்ட இலக்கங்களுக்குள் மட்டும் வைக்கும்) கணக்கின் இயல்பு. 32 பிட் ஃப்ளோட்டில் 16777216 உடன் 1 ஐக் கூட்டுங்கள், 16777216 தான் வரும். இன்னொரு 1 கூட்டினாலும் அசையாது. இரண்டு 1 ஐயும் முதலில் கூட்டிவிட்டுப் பிறகு சேர்த்தால் 16777218. நான்கு நான்காகக் கூட்டும்போது ஒழுங்கு மாறுகிறது, விடையின் வாலும், அதாவது கடைசி இலக்கங்களும், மாறுகிறது. பழைய வால்தான் சரி என்று யாரும் சொல்ல முடியாது.

எஃப்எஃப்டிடபிள்யூ என்ற ஃபூரியர் மாற்ற லைப்ரரியைப் பாருங்கள். 1997 இலிருந்து உலகமே பாவிக்கிறது. கணினியில் அளந்து பார்த்து வழியைத் தெரிவுசெய்யும்படி விட்டால், ஒரே பதிப்பே இரண்டு ஓட்டங்களில் சிறிது வேறுபட்ட விடை தரலாம் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்காக யாரும் அதைக் கைவிடவில்லை.

நான் துறைமுகத்துக் கப்பல்கள் தங்கள் இடத்தை அறிவிக்கும் ஏஐஎஸ் சிக்னலை 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸில் கேட்கிறேன். எனக்கு வேண்டியது பிட் 0 ஆ 1 ஆ என்பது மட்டும். வேகம் கூடும்போதெல்லாம் முதல் எண்ணை உயர்த்தினால் ஆட்கள் பயந்து பழையதிலேயே இருந்துவிடுவார்கள். பிறகு பிழைதிருத்தமும் அவர்களுக்குப் போய்ச் சேராது.

நிலாவெளி_அலை:
அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள் என்றீர்களே, அதைத்தான் நானும் கேட்கிறேன். எங்கள் ரீட்மி விளக்கக் கோப்பில் துல்லியத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பதிப்பு எண் வைப்பதற்கான செம்வெர் விதிகளும் பொது இடைமுகம் எது என்று முதலில் அறிவிக்கச் சொல்கின்றன. அறிவிக்காவிட்டால், வெளியே வருகிற எண்களைத்தான் நாங்கள் நம்புவோம்.

சிக்னல் கணக்குகளுக்கான வோல்க் லைப்ரரி 2023 தொடக்கத்தில் 3.0 ஆனது. காரணம் உரிமம் ஜிபிஎல்லிலிருந்து கட்டுப்பாடு குறைந்த எல்ஜிபிஎல்லுக்கு மாறியது. ஆட்கள் நின்று வாசிக்க வேண்டிய மாற்றம் என்றால் முதல் எண்ணை உயர்த்தலாம். அதில் தவறில்லை.

சல்லி_ரேடியோ:
உரிமம் சட்ட விஷயம். ஏழாவது இலக்கத்தை அதோடு வைக்க முடியாது. வரம்பில் உரசுகிற கிளிக்கைப் பழைய லைப்ரரியும் கம்பைலர் மாறினால் விட்டிருக்கும். பெருக்கலையும் கூட்டலையும் சேர்த்துச் செய்யும் எஃப்எம்ஏ கட்டளை வந்தால் விடை கடைசியில் ஒரு தடவை மட்டும் கிட்டிய எண்ணுக்கு மாற்றப்படும், வால் மறுபடி மாறும். அப்போது 3.0 ஆ?

பாலையூற்று:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். நான் இதைப் பொதி செய்து கொடுக்கிறவன், டிஃப்பை (கோடில் மாறிய வரிகளை) முழுதாக வாசித்தேன். ஃபில்டரின் நிலையை வைக்கும் ஸ்ட்ரக்டில் (தரவுக் கட்டில்) புதிதாக நான்கு ஃப்ளோட் சேர்ந்திருக்கிறது. 16 பைட். அந்த ஸ்ட்ரக்ட் பொது ஹெடரில் (பாவிக்கிறவர்கள் சேர்த்துக்கொள்ளும் அறிவிப்புக் கோப்பில்) இருக்கிறது, பாவிக்கிறவர்கள் அதைத் தங்கள் புரோகிராமிலேயே அறிவித்து இடம் ஒதுக்குகிறார்கள். 1.4 உடன் கம்பைல் செய்த புரோகிராம் புதிய லைப்ரரியை ஏற்றினால், லைப்ரரி அந்த இடத்தைத் தாண்டி 16 பைட் எழுதும். சில நேரம் ஒன்றும் நடக்காது, சில நேரம் பக்கத்து மாறி கெட்டுப்போகும். பெயர்கள் மாறவில்லை என்பதால் கம்பைலரும் எச்சரிக்காது.

இது சத்தமில்லாமல் உடைகிற மாற்றம். 1.5 என்று போட்டால் நான் பொதி செய்ய மாட்டேன். எஃப்எஃப்டிடபிள்யூ 2003 இல் மூன்றாம் பதிப்புக்குப் போனபோது ஹெடர் பெயரையும் லைப்ரரி பெயரையும் மாற்றியது. அதனால் இரண்டும் ஒரே கணினியில் சண்டையில்லாமல் இருக்க முடிந்தது. நாங்கள் குறைந்தது எஸ்ஓ எண்ணையாவது (எந்த லைப்ரரியை ஏற்றலாம் என்று புரோகிராமுக்குக் காட்டும் எண்) உயர்த்த வேண்டும். அப்புறம், முதல் தலைமுறை ராஸ்பெரி பை ஸீரோவில் நியான் இல்லை. ஓடும்போது சோதித்துப் பழைய லூப்புக்குத் திரும்பும் வழி இருக்கிறதா?

உவர்மலை:
ஸ்ட்ரக்டைக் கவனிக்கவே இல்லை. என் பிழை, தம்பி. நான் எப்போதும் எல்லாவற்றையும் புதிதாகக் கம்பைல் செய்வதால் எனக்கு அது உடையவில்லை.

சரி, 2.0. ஸ்ட்ரக்டை ஹெடரிலிருந்து எடுத்துவிட்டு, லைப்ரரியே ஒதுக்கிக் கொடுக்கும் இடத்தைச் சுட்டும் பாயிண்டராக மாற்றுகிறேன். இனி உள்ளே எதைச் சேர்த்தாலும் வெளியே தெரியாது. பை ஸீரோவுக்கான சோதனை இல்லை, அதையும் சேர்க்கிறேன். பழைய லூப் சாதாரண சி மொழியில் அப்படியே இருக்கும், பழைய எண்கள் வேண்டியவர்கள் அதைத் தெரிவுசெய்யலாம்.

சல்லி_ரேடியோ:
ஸ்ட்ரக்டுக்காக 2.0 என்றால் ஒப்புக்கொள்கிறேன், இலக்கத்துக்காக அல்ல. எவ்வளவு விலகல் வரலாம் என்று ரீட்மியில் எழுதுங்கள். அந்த அளவுக்குள் இருக்கிற அடுத்த வேக மாற்றம் 2.1 ஆகத்தான் வர வேண்டும்.

நிலாவெளி_அலை:
எழுதினால் எனக்குப் போதும். ஆனால் அந்த அளவை அமைதியான பதிவில் மட்டும் சோதித்து முடிவுசெய்யாதீர்கள். இரைச்சலோடு அந்த மூன்று கிளிக்கும் உள்ள துண்டை இன்றிரவு அனுப்புகிறேன். சோதனைக் கோப்புறையில் போட்டு வையுங்கள், 2.1 வரும்போது முதலில் அதை ஓட்டிப் பார்ப்போம்.