கடலோர வீட்டில் ஏசி, கீசர், கம்பி எத்தனை வருஷம் தாங்கும்?

தேவனாம்பட்டினம்வாசி:
கடலூர்ல கடற்கரைக்கு நடந்துபோற தூரத்துல வீடு. மாடியில வெச்ச ஏசி அவுட்டோர் யூனிட் நாலே வருஷத்துல போச்சு. பின்பக்கத் தகட்டை விரலால தொட்டா வெள்ளைத் தூளா உதிருது. கடலைத் தள்ளி இருக்கிற திருப்பாதிரிப்புலியூர்ல தங்கச்சி வீட்டு ஏசி பத்து வருஷமா ஓடுது. புதுசு வாங்கணும், இங்க எது எவ்வளவு நாள் வரும்?

உப்பங்காத்து:
அண்ணே, புதுச்சேரில இருபது வருஷமா ஏசி வேலை பாக்குறேன். ஏசி 10–15 வருஷம் வரும்ங்கிற கணக்கு கடலைத் தள்ளி இருக்கிற ஊருக்கு. நம்ம பக்கம் பாதி வந்தாலே நிம்மதி. செம்புக்குழாயும் அலுமினியத் தகடும் சேர்ற இடத்துல உப்பு ஈரம் பட்டா அலுமினியம்தான் முதல்ல அரிக்கும். மாசம் ஒருதடவை மெயினை அணைச்சுட்டு நல்ல தண்ணியில கழுவுங்க. வேகமா அடிச்சா தகடு மடங்கிடும், பைப்பை மெதுவா பிடிங்க. கடல் பாக்காத சுவர்ல மாட்டுங்க.
கீசர் டேங்குக்குள்ள மெக்னீசியம் கம்பி இருக்கும், டேங்குக்குப் பதிலா அது கரையும். வருஷம் ஒருதடவை கழட்டிப் பாருங்க.

கொத்தனார்மக:
ஜன்னல் கம்பிக்கு எவர்சில்வர்னா 316-ங்கிற ரகம் கேளுங்க. 304 ரகம் கடல்காத்துல பழுப்பு புள்ளி விடும். தளத்துக்குள்ள கம்பி துருப்பிடிச்சா பல மடங்கு உப்பி சிமெண்டைப் பிளந்துடும். எங்கப்பா போர்த் தண்ணியில உப்புக் கரிச்சா கலவைக்குத் தொடவே மாட்டார்.

தேவனாம்பட்டினம்வாசி:
நன்றி தம்பி, நன்றிம்மா. கீசருக்கு எட்டு வருஷம் ஆச்சு, அந்தக் கம்பியைப் பார்த்ததே இல்ல. நாளைக்கே கழட்டச் சொல்றேன்.