எல் போர்டு ஒட்டினால் சட்டம் இளகுமா?

அடிவாரத்தான்:
நேற்று பக்கத்து இழையில் கோரிமேடு மாமா எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. ஏற்காடு இறக்கத்தில் ஒரு பையன் ஸ்கூட்டரில் வந்த கணவன் மனைவியைக் காரால் இடித்ததைப் பற்றிய பேச்சு அது. மாமா சொன்னது இது: "பையன் லைசென்ஸ் வாங்கி 3 மாதம்தான். கண்ணாடியில் எல் ஸ்டிக்கரும் இருந்தது. புது ஆள் என்றால் கோர்ட் பார்த்துத்தான் செய்யும். ஃபைனோடு போய்விடும்."

இதைப் படித்துவிட்டு எத்தனை பிள்ளைகள் அப்பா காரை எடுத்துக்கொண்டு மலையேறும்? ஐபிசிக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 281, உயிருக்கு ஆபத்து வரும்படி அலட்சியமாக ஓட்டினாலே 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். யாருக்காவது கொடுங்காயம் என்றால் 125(பி), 3 ஆண்டு வரை. உயிர் போனால் 106(1), 5 ஆண்டு வரை. பழைய ஐபிசி 304ஏ-யில் 2 ஆண்டாக இருந்ததை 2024 ஜூலை 1 முதல் ஏற்றிவிட்டார்கள். இதில் "புது ஓட்டுநர் நீங்கலாக" என்று எங்கே இருக்கிறது? மாமா பிரிவு எண் சொல்லட்டும்.

கோரிமேடு மாமா:
தம்பி, எண் ஒப்பிக்க எனக்கும் தெரியும். 281-ல் "அல்லது அபராதம்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த "அல்லது" யார் கையில் இருக்கிறது? மாஜிஸ்திரேட் கையில். பையனின் வயது, முன் வழக்கு இல்லாதது எல்லாவற்றையும் அவர் பார்ப்பார். 106(1)-ம் ஜாமீனில் வரக்கூடியதுதான். பஸ் டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். விபத்து வழக்குக்கு அலைந்த டிரைவர்களோடு கோர்ட் வாசலில் நின்றிருக்கிறேன்.

அடிவாரத்தான்:
ஜாமீன் என்பது வழக்கு முடியும்வரை வெளியே இருப்பது. விடுதலை இல்லை. நான் கேட்டது எல் ஸ்டிக்கருக்கு என்ன சலுகை என்று. பிரிவு எண்?

செவ்வாய்ப்பேட்டை ஜூனியர்:
இரண்டு பேரும் வேறு வேறு விஷயம் பேசுகிறீர்கள். குற்றமா இல்லையா என்பது ஒன்று, தண்டனை எவ்வளவு என்பது இன்னொன்று. குற்றத்தைத் தீர்மானிக்கும்போது அனுபவம் குறைவு என்பது தப்பிக்கும் வழி ஆகாது. தண்டனை நேரத்தில் வயதைச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் அதையும் நம்பி உட்கார முடியாது. உச்ச நீதிமன்றம் 2000-ல் தல்பீர் சிங் வழக்கில், அலட்சியமாக ஓட்டி உயிரைப் பறித்தவர்களுக்கு நன்னடத்தைச் சட்டச் சலுகையை, அதாவது சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை உறுதியோடு விடுவதை, எளிதில் தரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

கோரிமேடு மாமா:
"வயதைச் சொல்லிக் கேட்கலாம்." வக்கீல் தம்பியே ஒத்துக்கொண்டார். நான் சொன்னதும் அதுதான்.

அடிவாரத்தான்:
அவர் எழுதியதில் பாதியை மட்டும் படிக்கிறீர்கள். அவர் வயதைச் சொன்னார், ஸ்டிக்கரைச் சொல்லவில்லை. எல் என்பது எல்எல்ஆர், அதாவது பழகுநர் லைசென்ஸ், வைத்திருப்பவருக்கு. வெள்ளையில் சிவப்பு எழுத்து, முன்னும் பின்னும். பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஒருவர், வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். லைசென்ஸ் வாங்கிய பிறகு அதை ஒட்டிக்கொண்டு திரிந்தால் சட்டத்தின் முன் அது வெறும் காகிதம்.

ஓமலூர் மகள்:
நான் இப்போது எல்எல்ஆரில் ஓட்டுகிறேன், அண்ணன் பக்கத்தில் உட்காருவார். கொண்டலாம்பட்டி பைபாஸில் எல் பலகையைப் பார்த்ததும் பின்னால் வருகிறவர்கள் ஹாரனை விடாமல் அடிக்கிறார்கள். பதறித்தான் தப்பு நடக்கிறது. அவர்கள் மேல் எந்தப் பிரிவு என்று யாரும் பேச மாட்டீர்களா? எல்எல்ஆரில் விபத்து என்றால் இன்சூரன்ஸ் வராது என்கிறார்களே, அது உண்மையா?

செவ்வாய்ப்பேட்டை ஜூனியர்:
உண்மை இல்லை அம்மணி. 2004-ல் சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்எல்ஆரும் செல்லுபடியாகும் லைசென்ஸ்தான் என்று சொல்லியிருக்கிறது. அடிபட்டவருக்கான இழப்பீட்டை அதைக் காட்டி கம்பெனி தட்டிக்கழிக்க முடியாது.

கோரிமேடு மாமா:
பார்த்தீர்களா? எல்லுக்கு மதிப்பு உண்டு! உச்ச நீதிமன்றமே சொல்கிறது.

அடிவாரத்தான்:
ஐயா, அது அடிபட்டவருக்குப் போய்ச் சேரும் பணம். கிரிமினல் வழக்கை இன்சூரன்ஸ் கம்பெனி உங்களுக்குப் பதிலாக நின்று அனுபவிக்குமா? மறுபடியும் கேட்கிறேன். பிரிவு எண்?

சேலம் டூ லீட்ஸ்:
இங்கே இங்கிலாந்தில் புது ஆளுக்குத்தான் கெடுபிடி அதிகம். முதல் லைசென்ஸ் வாங்கிய 2 ஆண்டுக்குள் 6 தண்டனைப் புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் ரத்து, திரும்ப எல்லிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கவனக்குறைவாக ஓட்டிய ஒரே குற்றத்துக்கு 3 முதல் 9 புள்ளி வரை போடுவார்கள்.

கோரிமேடு மாமா:
லீட்ஸில் உட்கார்ந்துகொண்டு எங்கள் ஊருக்குச் சட்டம் சொல்ல வேண்டாம்.

நாகலூர் காப்பி:
சட்டம் கிடக்கட்டும். சனி ஞாயிறு வந்தால் 20 கொண்டை ஊசி வளைவும் உங்கள் சேலத்துப் புது டிரைவர்களால் அடைத்துக்கொள்கிறது. ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும் என்பது விதி. இறங்குகிறவர்கள் வளைவு நடுவில் வந்து நின்றுகொண்டு எங்களைப் பின்னால் எடுக்கச் சொல்கிறார்கள். செகண்ட் கியரில் இறங்கத் தெரியாமல் பிரேக்கையே மிதித்து, அது கருகி நாற்றம் வருகிறது. மூட்டை ஏற்றிய ஜீப்பைப் பின்னால் எடுத்துப் பார்த்தால் தெரியும்.

கோரிமேடு மாமா:
உங்கள் ஜீப்பில் ஆள் தொங்கிக்கொண்டு போவதை நாங்களும் பார்த்திருக்கிறோம்.

நாகலூர் காப்பி:
பஸ் இல்லாத ஊருக்கு ஆள் எப்படிப் போவார்கள்? வந்து பாருங்கள்.

அடிவாரத்தான்:
ஜீப் கதையை அப்புறம் பேசலாம். மாமாவுக்கு ஏன் இந்தப் பரிவு என்று எனக்குத் தெரியும். தீபாவளிக்குப் பேரன் ஸ்கூட்டர் ஓட்டும் படம் போட்டு "என் சிங்கம், ஒன்பதாம் வகுப்பு" என்று எழுதியவர் இவர். மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ, 2019-ல் சேர்த்தது. சிறுவர் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பிள்ளைக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது. இதற்காவது "பார்த்துத்தான் செய்யும்" என்பீர்களா?

கோரிமேடு மாமா:
குடும்பத்தை இழுக்காதே. அது எங்கள் காம்பவுண்டுக்குள் எடுத்த படம்.

அடிவாரத்தான்:
பின்னால் ஐந்து ரோடு மேம்பாலம் தெரிகிறது. உங்கள் காம்பவுண்டு அவ்வளவு பெரிதா?

ஓமலூர் மகள்:
ஹாரன் அடிப்பவர்களைப் பற்றி நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

கோரிமேடு மாமா:
படத்தை எடுத்தது யார், எங்கே என்பது உனக்குத் தேவையில்லாதது. இந்த மன்றத்தை நடத்துகிறவர்களிடம் உன்னைப் பற்றிப் புகார் கொடுத்துவிட்டேன். மாஜிஸ்திரேட்டுக்கு விருப்புரிமை உண்டு என்று நான் சொன்னதை இதுவரை ஒருவரும் மறுக்கவில்லை.

அடிவாரத்தான்:
கொடுங்கள். அந்த ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா காலில் கட்டோடு படுத்திருக்கிறார். இடித்தவன் வண்டியை விட்டு இறங்கவே இல்லை என்கிறார்கள். காயம்பட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது ஓட்டியவன் கடமை என்று மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 134 சொல்கிறது, அதற்கும் புது ஆள், பழைய ஆள் கணக்கு இல்லை. விருப்புரிமையை விடுங்கள், ஸ்டிக்கருக்குப் பிரிவு எண் என்ன?

நாகலூர் காப்பி:
அந்த ஸ்கூட்டர் ஏறிக்கொண்டிருந்ததா, இறங்கிக்கொண்டிருந்ததா? அதை முதலில் சொல்லுங்கள்.