பெரியப்பாவின் புதிய வானொலி: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு சனிக்கிழமை

(இந்தக் குழுவில் எல்லோரும் முழு வாக்கியங்களில்தான் எழுத வேண்டும் என்பது பெரியப்பா வைத்த விதி. பெரியப்பா தம்பி என்று அழைப்பது என்னைத்தான். அத்தை, பொழுதுபோக்காக வானொலியில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் அமெச்சூர் வானொலிக்கு உரிமம் பெற்றவர். மற்றவர்கள் எல்லோரும் கேட்பவர்கள் மட்டுமே.)

பெரியப்பா, மாலை 4:10
தம்பி வாங்கி அனுப்பிய வானொலிப் பெட்டி நேற்று வந்து சேர்ந்தது. உள்ளங்கையைவிடச் சற்றே பெரிதான அதில் பண்பலை, மத்திய அலை, சிற்றலை மூன்றும் கேட்கும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. பண்பலையில் தானாகத் தேடும் பட்டனை அழுத்திப் பிடித்ததும் 11 நிலையங்களைப் பிடித்து வரிசையாக நினைவில் வைத்துக்கொண்டது. மத்திய அலையிலோ முழுச் சுற்றும் தேடிவிட்டு 630, 990 என்ற இரண்டே எண்களில்தான் நின்றது. சிற்றலையில் அடைமழை பெய்வது போன்ற இரைச்சலைத் தவிர வேறொன்றும் இல்லை. ஏரியலை முழுவதும் இழுத்து எட்டுத் திசைக்கும் சாய்த்துப் பார்த்துவிட்டேன். கோளாறு பெட்டியிலா, என் கையிலா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சித்தப்பா, மாலை 4:16
பெட்டியில்தான், அண்ணா. அவகாசம் முடிவதற்குள் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

நான், மாலை 4:19
மன்னியுங்கள், பெரியப்பா. திருப்பி அனுப்புவதற்கான விண்ணப்பத்தை இப்போதே நிரப்பி வைக்கிறேன்.

அத்தை, மாலை 4:41
யாரும் எதையும் திருப்பி அனுப்ப வேண்டாம். அண்ணா, எனக்கு மூன்று விவரங்கள் வேண்டும். மத்திய அலையில் இருக்கும்போது திருகை ஒரு சொடுக்கு திருப்பினால் 630-க்கு அடுத்து என்ன எண் வருகிறது? பெட்டியை எங்கே வைத்துக் கேட்டீர்கள்? அப்போது சார்ஜர் செருகியிருந்ததா?

பெரியப்பா, மாலை 4:48
630-க்கு அடுத்து 640, பிறகு 650 என்று வருகிறது. படிப்பு மேசையில் உன் அண்ணியின் எல்.இ.டி. விளக்குக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பேட்டரி முழுவதும் ஏறட்டும் என்று சார்ஜரையும் செருகித்தான் கேட்டேன்.

அத்தை, மாலை 5:02
பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது. உலகம் முழுவதும் மத்திய அலை நிலையங்கள் ஒரே இடைவெளியில் அமைந்திருக்கவில்லை. ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா ஆகிய பகுதிகளுக்கு 1975-இல் ஜெனீவாவில் நடந்த மாநாட்டில் வகுத்த திட்டப்படி நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 531, 540, 549 என்று நிற்கின்றன. அமெரிக்கக் கண்டங்களில் அந்த இடைவெளி 10. பெட்டியைச் செய்பவர்கள் இரண்டு பக்கமும் விற்க வேண்டியிருப்பதால் இரண்டு கணக்கையும் உள்ளே வைத்துவிட்டு, ஏதோ ஒன்றை இயல்பாக விட்டுவிடுகிறார்கள். உங்களுடையது 10-இல் இருக்கிறது.

இப்போது 630, 990 என்ற எண்களைப் பாருங்கள். இரண்டும் 90-ஆல் மீதியில்லாமல் வகுபடும். 9-இன் படியில் ஏறுபவனும் 10-இன் படியில் ஏறுபவனும் சந்தித்துக்கொள்ளும் படிகள் 540, 630, 720, 810, 900, 990 என்று 90-க்கு ஒன்றுதான். 1017-இல் ஒரு நிலையம் பேசிக்கொண்டிருந்தால் உங்கள் பெட்டி 1020-இல் நின்று 3 கிலோஹெர்ட்ஸ் தள்ளிக் காது கொடுக்கிறது. மூக்கடைத்த குரலாக ஏதோ கேட்டாலும், தானாகத் தேடும்போது அதை நிலையம் என்றே எண்ணாமல் தாண்டிப் போய்விடுகிறது.

நான், மாலை 5:06
அப்படியானால் அந்த இரண்டு எண்களைப் படித்தவுடனேயே உங்களுக்குத் தெரிந்துவிட்டதா, அத்தை?

அத்தை, மாலை 5:08
சந்தேகம் வந்தது. 640 என்றதும் உறுதியானது.

பெரியப்பா, மாலை 5:31
கையேட்டின் எழுத்துகள் கடுகைவிடச் சிறியவை. பூதக்கண்ணாடியை வைத்துத் தேடியதில், பெட்டியை அணைத்த நிலையில் ஒரு குறிப்பிட்ட பட்டனை அழுத்திப் பிடித்தால் 9-க்கும் 10-க்கும் மாறும் என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறது. மாற்றிவிட்டு மறுபடி தேடவிட்டேன். இப்போது 7 நிலையங்கள் அகப்பட்டிருக்கின்றன. ஆனால் எல்லாவற்றின் அடியிலும் வண்டு ரீங்கரிப்பது போல ஓர் ஒலி ஓடிக்கொண்டே இருக்கிறது. அதோடு, முன்பு நினைவில் இருந்த இரண்டும் அழிந்துவிட்டன.

அத்தை, மாலை 5:38
இடைவெளியை மாற்றினால் மத்திய அலை நினைவுகளைப் பல பெட்டிகள் அழித்துவிடும். அதனால்தான் இதை முதல் வேலையாகச் செய்ய வேண்டும் என்பேன். ஐம்பது நிலையங்களைச் சேர்த்த பிறகு செய்தால் அழுகை வரும். ரீங்காரம் பெட்டிக்கு உள்ளிருந்து வருவதில்லை. செல்பேசி சார்ஜர், எல்.இ.டி. விளக்கு, மடிக்கணினியின் மின்மாற்றி இவையெல்லாம் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை நறுக்கி நறுக்கித் தருபவை; அந்த நறுக்கலின் எச்சம் மத்திய அலையிலும் சிற்றலையிலும் இரைச்சலாக வந்து விழுகிறது. சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியில் மட்டும் ஓட்டுங்கள். விளக்கையும் அணையுங்கள்.

பெரியம்மா, மாலை 5:44
நான் படித்துக்கொண்டிருந்த பக்கத்தின் நடுவில் விளக்கை அணைத்தவர், அணைத்ததற்குக் காரணம் வானொலி என்று இப்போது சொல்கிறார். ரீங்காரம் நின்றுவிட்டது என்பதை நானும் கேட்டேன். ஆனால் விளக்கை நான் திரும்பப் போடப் போகிறேன். பெட்டியை அவர் சன்னலுக்குக் கொண்டுபோகட்டும்.

அத்தை, மாலை 5:46
அண்ணி சொல்வதுதான் சரியான வழி. கட்டடத்தின் கம்பியும் கான்கிரீட்டும் அலைகளைத் தின்றுவிடும். சன்னலோரத்திலேயே பாதி வித்தியாசம் தெரியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்கள் இழுத்து நீட்டிய ஏரியல் பண்பலைக்கும் சிற்றலைக்கும் மட்டும்தான். மத்திய அலைக்கு அதில் வேலையே இல்லை. அதற்கான ஏரியல் பெட்டிக்குள்ளே கம்பி சுற்றிய ஃபெரைட் என்ற காந்தப் பொருளால் ஆன தண்டாக, பெரும்பாலும் பெட்டியின் நீளவாக்கில் படுத்திருக்கிறது. தண்டின் பக்கவாட்டு நிலையத்தை நோக்கி இருந்தால் ஒலி ஓங்கும். தண்டின் முனை நிலையத்தை நோக்கினால் ஒலி மங்கிப் போகும். ஆகவே மத்திய அலையில் ஏரியலைச் சாய்க்காமல், பெட்டியையே மேசைமேல் தட்டாமாலை போல மெல்லச் சுற்றிப் பாருங்கள்.

சித்தப்பா, மாலை 5:53
டிஜிட்டல் வானொலி என்றுதானே விற்கிறார்கள்? டிஜிட்டல் என்றால் இரைச்சலே இருக்கக் கூடாதே என்பதால்தான் திருப்பி அனுப்பச் சொன்னேன்.

அத்தை, மாலை 6:01
அந்தச் சொல்தான் எல்லோரையும் குழப்புகிறது, தம்பி. இந்தப் பெட்டியில் டிஜிட்டல் என்பது எண் காட்டும் திரையும், வந்த அலையைக் கணக்குப் போட்டுப் பிரித்தெடுக்கும் சில்லும்தான். காற்றில் வருவது அதே பழைய ஒலிபரப்பு. ஒலிபரப்பையே எண்களாக மாற்றி அனுப்பும் முறைகள் வேறு, டி.ஏ.பி. என்பதும் டி.ஆர்.எம். என்பதும் அவைதான். அவற்றைக் கேட்க அதற்கென்றே செய்த பெட்டி வேண்டும். டி.ஆர்.எம். ஒலிபரப்பு நடக்கும் எண்ணில் இந்தப் பெட்டியை வைத்தால் சீரான ஒரு சீறல் மட்டுமே கேட்கும். அதை யாரும் கோளாறு என்று எண்ணிவிட வேண்டாம்.

பெரியப்பா, மாலை 6:20
சன்னலோரம் வந்துவிட்டேன். மத்திய அலை தெளிவாகிவிட்டது. சிற்றலைக்கு வருவோம். மதியம் 2 மணிக்கு 6 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு மணி நேரம் தேடினேன்; ஒரு குரலும் இல்லை. இப்போது அதே இடத்தில் மூன்று நிலையங்கள் இருக்கின்றன. நான் எதையும் மாற்றவில்லையே?

அத்தை, மாலை 6:37
நீங்கள் மாற்றவில்லை, சூரியன் இறங்கிவிட்டது. தரையிலிருந்து 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் பகலில் மட்டும் உருவாகும் ஓர் அயனி அடுக்கு உண்டு. அதற்கு டி அடுக்கு என்று பெயர். தாழ்ந்த எண்களில் வரும் அலைகளை அது உறிஞ்சிவிடும். இருட்டியதும் அது கலைந்துபோக, அதற்கும் மேலே 200, 300 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அடுக்கு அந்த அலைகளை மடக்கிப் பூமிக்கே திருப்பி அனுப்புகிறது. மத்திய அலையில் இரவில் தூரத்து நிலையங்கள் வந்து நெருக்குவதும் இதனால்தான். மேல் வானத்தின் இந்த இயல்பை ஆராய்ந்ததற்காகத்தான் இயற்பியலாளர் எட்வர்ட் ஆப்பிள்டனுக்கு 1947-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே சிற்றலையில் எண்ணைத் தேடுவதற்கு முன் மணியைப் பார்க்க வேண்டும். சிற்றலையின் பகுதிகளை அலைநீளத்தால், மீட்டர் கணக்கில் அழைப்பார்கள். இரவில் 49 மீட்டரும் 41 மீட்டரும், நடுப்பகலில் 19 மீட்டரும் 16 மீட்டரும் நல்லவை. 31 மீட்டரும் 25 மீட்டரும் காலை, மாலை இரண்டுக்கும் ஒத்துவரும். எதில் தேடுவது என்று தெரியாதவர் 31-இல் தொடங்கலாம் என்பது என் கட்சி. மீட்டரை எண்ணாக மாற்ற, 300-ஐ மீட்டரால் வகுத்தால் மெகாஹெர்ட்ஸ் வரும். 31 மீட்டர் என்பது ஏறத்தாழ 9.4 முதல் 9.9 வரை. சிற்றலை ஒலிபரப்புகள் பெரும்பாலும் 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இருப்பதால், 9-இல் முடியும் எண்ணில் நின்று மெனக்கெட வேண்டாம். 0 அல்லது 5-இல் முடியும் எண்களைப் பாருங்கள்.

நான், மாலை 6:45
இணையத்தில் கிடைத்த பட்டியலில் இருக்கும் நிலையங்கள் பல அந்த எண்களில் இல்லையே, அத்தை?

அத்தை, மாலை 6:52
பட்டியலின் தேதியைப் பார். மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் சிற்றலை நிலையங்கள் எண்களையும் நேரங்களையும் மாற்றிக்கொள்ளும். போன பருவத்தின் பட்டியலை வைத்துக்கொண்டு தேடினால் காலி வீட்டின் கதவைத் தட்டுவதுதான். நேரமும் நம் கடிகார நேரமாக இருக்காது, யு.டி.சி. எனப்படும் உலகப் பொது நேரத்தில்தான் போட்டிருப்பார்கள். பெட்டியின் கடிகாரத்தை அதிலேயே வைத்துவிடுவது என் வழக்கம்.

சித்தப்பா, இரவு 7:30
மொட்டை மாடிக்கு ஒரு நீளமான கம்பியை இழுத்து ஏரியலில் கட்டிவிட்டால் உலகமே கேட்குமே? என்னிடம் 40 மீட்டர் கம்பி இருக்கிறது.

அத்தை, இரவு 7:41
40 மீட்டர் வேண்டவே வேண்டாம். இந்தச் சிறிய பெட்டிகள் மெல்லிய அலைகளுக்காகவே செய்யப்பட்டவை. அளவுக்கு மீறி ஊட்டினால் அஜீரணமாகி, இல்லாத இடங்களிலெல்லாம் உள்ளூர் நிலையம் ஆவியாக எழுந்து பேசும். உறை போட்ட மெல்லிய கம்பி 5 அல்லது 6 மீட்டர் போதும். அதை ஒரு முதலைக் கவ்வியால் ஏரியலின் நுனியில் கவ்வவிட்டு, மறுமுனையைச் சன்னலுக்கு வெளியே தொங்கவிடலாம். அப்போதும் குழம்பினால், பெட்டியின் பக்கத்தில் தொலைவு, அண்மை என்று உணர்திறனை மாற்றும் விசை இருந்தால் அதை அண்மைக்குத் தள்ளுங்கள். மின்கம்பிகளுக்கு அருகே கம்பியைக் கொண்டுபோகக் கூடாது. இடி மின்னல் வரும்போது வெளியே கம்பி இருக்கவே கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் குணம் கிடையாது.

பெரியப்பா, இரவு 8:15
7.1 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் வாத்துகள் விவாதம் செய்வது போல ஒரு சத்தம் வருகிறது. பேச்சு என்று தெரிகிறது. ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

அத்தை, இரவு 8:19
அவர்கள் எங்கள் ஆட்கள்! உங்கள் பெட்டியில் எஸ்.எஸ்.பி. என்ற பட்டன் இருக்கிறது. சாதாரண ஒலிபரப்பில் குரலைச் சுமந்து வரும் அலையும், அதன் இரு பக்கமும் ஒரே குரலின் இரண்டு படிகளும் வரும். அமெச்சூர்கள் மின்சாரத்தையும் இடத்தையும் மிச்சப்படுத்தச் சுமக்கும் அலையையும் ஒரு படியையும் அனுப்பாமல் விட்டுவிடுகிறோம். விட்டதைப் பெட்டி தானே இட்டு நிரப்பினால்தான் குரல் மனிதக் குரலாகும். 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே எல்.எஸ்.பி. எனப்படும் கீழ்ப்பக்கப் படி, அதற்கு மேலே யு.எஸ்.பி. எனப்படும் மேல்பக்கப் படி என்பது எங்களுக்குள் நிலவும் வழக்கம். எல்.எஸ்.பி.யில் வைத்து நுண்திருகை மயிரிழை மயிரிழையாக நகர்த்துங்கள். வாத்து கணீரென்று பேசத் தொடங்கும் ஓர் இடம் வரும்.

பெரியப்பா, இரவு 8:33
வந்தது. ஒருவர் மற்றவரிடம் தன் ஏரியலின் உயரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அத்தை, இரவு 8:35
நாங்கள் பெரும்பாலும் அதைத்தான் பேசுவோம்.

நான், இரவு 8:40
118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை விமானங்களுக்கான பகுதியும் இதே வரிசையில் வரும் இன்னொரு பெட்டியில் இருந்தது. அதை வாங்கியிருக்கலாமோ என்று தோன்றுகிறது.

அத்தை, இரவு 8:44
வேண்டாம். அதைப் பொதுமக்கள் கேட்பதைப் பல நாடுகளின் சட்டம் அனுமதிப்பதில்லை. விதியைப் படிக்காமல் வாங்கக் கூடாத வசதி அது.

பெரியப்பா, இரவு 10:50
ஒரு விந்தையைப் பதிவு செய்கிறேன். மத்திய அலையில் 1017-இல் மாலையில் ஒரே ஒரு நிலையம்தான் இருந்தது. இப்போது அதே எண்ணில் இருவர் ஒருவர்மேல் ஒருவர் பேசுகிறார்கள். நீ சொன்னபடி பெட்டியைச் சுற்றினேன். கால்வாசி சுற்றியதும் மாலையில் கேட்டவர் அடங்கிப்போய், எனக்குப் புரியாத மொழியில் ஒரு பெண் செய்தி வாசிப்பது தனியாகக் கேட்டது. திரும்பச் சுற்றினால் அவர் போய் இவர் வருகிறார். இதையே அரை மணி நேரமாகச் செய்துகொண்டிருக்கிறேன்.

பெரியம்மா, இரவு 10:53
முக்கால் மணி நேரம்.

அத்தை, இரவு 10:58
விடிந்ததும் அதே எண்ணில் யார் மிஞ்சியிருக்கிறார் என்று பாருங்கள், அண்ணா. ஒரு நோட்டில் எண்ணையும் யு.டி.சி. நேரத்தையும் பெட்டி எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதையும் எழுதி வையுங்கள். படுக்கும் முன் பூட்டு விசையைத் தள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் தலையணைக்கு அடியில் அழுந்தித் தானாக இயங்கி, காலையில் பேட்டரி காலியாகிக் கிடக்கும்.

ஞாயிற்றுக்கிழமை

பெரியப்பா, காலை 7:25
பெண் குரல் இல்லை. மாலையில் கேட்டவர் மட்டும் இருக்கிறார். பெட்டியை எவ்வளவு சுற்றினாலும் அவர் மங்குகிறாரே தவிர, அவருக்குப் பின்னால் யாரும் இல்லை. தம்பி, அந்த விண்ணப்பத்தை நீக்கிவிடு. சித்தப்பாவிடம் இருக்கும் 40 மீட்டர் கம்பியில் எனக்கு 6 மீட்டர் மட்டும் வெட்டி எடுத்து வா.